எச்சில் தட்டு

"அப்பா, உங்க தட்ட நீங்களே களுவுங்க."

இந்த வார்த்தை வாயில் வரவே கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஜெயபாரதி, இன்று சொல்லிவிட்டாள். மங்கலத்தில் தறி ஓட்டும் மருதாசலம் மகளைப் பார்க்காமல் மனைவியிடம் சிரித்தார். "டிகிரி வாங்குனவ பேசறா பாரு."

"உடு கண்ணு," என்ற அம்மா, அந்த எச்சில் தட்டிலேயே தனக்கும் சோறு போட்டுக்கொண்டாள்.

அண்ணன் இளங்குமரன் தன் தட்டைத் தங்கை பக்கம் தள்ளினான். "பட்டதாரியம்மா, இதையுஞ் சேத்துக் களுவுங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கை தானாகப் போய்த் தட்டை எடுத்துவிட்டது. கல்லூரி விடுதியிலும் தோழிகளின் தட்டை இப்படித்தான் கழுவினாள். வாய்தான் படித்திருக்கிறது, கை இன்னும் படிக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

கோயம்புத்தூரில் கிடைத்த வேலைக்குப் போவதா வேண்டாமா என்று ஒரு வாரமாகக் குழம்பியவள், தட்டைக் கழுவாமலே கீழே வைத்தபோது போவதென்று முடிவெடுத்திருந்தாள். யாரிடமும் கேட்காமல் பையோடு வெளியேறினாள்.