அரைச் சுற்று

மச்சினன் சிரித்த சிரிப்பு வீடு வரைக்கும் அவர் கூடவே வந்துவிட்டது.

"மாமா, இது ரேஸ் வண்டியா, இல்ல பாம்பாட்டிக்கிட்டருந்து தப்பிச்சு வந்ததா?" என்று கிடங்குக்குப் பின்னாலிருந்த காலித் திடலில், ரிமோட் கார் விட வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டான். கேட்டதில் தப்பில்லை. ரிமோட் காரை நேராக விட்டால் அது நெளிந்து நெளிந்துதான் போயிற்று. அவனுடைய அக்காள், இவருடைய மனைவி, சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில், "இன்னைக்கே பிரிச்சுப் பாத்துடுங்க. மறுபடியும் தள்ளிப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர். உச்சியில் உட்கார்ந்திருப்பதால் வேலைத்தளத்தில் எல்லோருக்கும் அவர் 'ஆகாசம்'. நாளைக் காலை ஆளுயரக் கண்ணாடிப் பலகைகளை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டும். அங்கே ஆட்கள் விளிம்பில் நின்று கைநீட்டி வாங்குவார்கள். அவருடைய வலது கையோ கொஞ்ச நாளாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டம்ளரை மேசையில் வைக்கப் போனால் டக்கென்று இடிக்கிறது. பேனாவைப் பிடித்தால் எழுத்து கோணுகிறது. அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நெளிவது வண்டியின் குற்றம் என்றால் கை தப்பித்தது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார். அதனால்தான் ஒரு மாதமாக வண்டியை வாய் ஓயாமல் திட்டினாரே தவிர, பிரிக்கவில்லை. உள்ளே எல்லாம் சரியாக இருந்து தொலைத்தால்?

சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து வண்டியை வைத்தார். உட்கார்ந்தார், எழுந்தார், மின்விசிறியை நிறுத்தினார், புழுங்குகிறது என்று மறுபடி போட்டார்.

"ஒரு இடத்துல உக்காருங்களேன்" என்று மனைவி எதிரே அமர்ந்து டார்ச் பிடித்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துவது அவள் வேலை. பொடித் திருகெல்லாம் அவள் விரலுக்குத் தண்ணி பட்ட பாடு.

முன்சக்கரங்களைப் பிடித்து ஆட்டினார். லொடலொடவென்றன.

"ஆடுது பாரு! வண்டிதான்னு சொன்னேனா இல்லியா?"

"ஒரு மாசமா அதைத்தானே சொல்றீங்க."

சக்கரத்து நட்டுகள் இறுக்கமாக இருந்தன. சக்கரத்தைக் கம்பியோடு சேர்க்கும் குண்டு மூட்டுகளிலும் குறையில்லை. மேல்மூடியைக் கழற்றினார். சக்கரங்களைத் திருப்புகிற சின்ன மோட்டாரின் கையைப் பிடித்திருந்த திருகு தளர்ந்திருந்தது. வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அதற்கடுத்து, திருப்பத்தை இரண்டு பக்கமும் கொண்டுபோகிற இரண்டு நெம்புகோல்கள். அவற்றின் திருகுகளும் தளர்வு.

"மூணும் லூஸு! இப்படி இருந்தா நெளியாம என்ன செய்யும்? கூப்பிடு உன் தம்பிய. சிரிச்ச வாயாலயே அவன்..."

டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தார்.

ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு வெள்ளைக் கோடு. அவர் போட்டதுதான். கிரேனில் பெரிய போல்ட்டுகளை இறுக்கியதும், தலைமீதும் பக்கத்து இரும்பின்மீதும் சேர்த்து ஒரே பெயின்ட் கோடு இழுத்துவிடுவார்கள். போல்ட் நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்க தோஷத்தில் இந்தக் குட்டி வண்டிக்கும் இழுத்து வைத்திருந்தார். அதிர்வில் தளர்ந்த போல்ட்டுகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். ஒன்று மயிரிழை நகரும், இன்னொன்று கால் சுற்று, பக்கத்திலிருப்பது அசைந்தே இருக்காது. இங்கே மூன்று திருகிலும் கோடு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அளந்து வைத்தாற்போல், மூன்றும் அரைச் சுற்று.

மூக்குக் கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு தளர்த்திப் பழகிய கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

"நீயா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"போன மாசம் என் தம்பி முதமுதல்ல கிண்டல் பண்ணானே, அன்னைக்கு நீங்க வண்டியப் பாக்கல. உங்க கையப் பாத்தீங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு எறங்கல. சரி, திட்டறதுக்கு ஒரு வண்டியாவது இருக்கட்டும்னு..."

"அப்ப உனக்குத் தெரியும்."

"அன்னைக்கு, தளர்த்தறதுக்கு முன்னாடி, நீங்க குளிக்கப் போனப்ப நான் ஓட்டிப் பாத்தேன். நூல் பிடிச்ச மாதிரி போச்சு. அப்புறம் என்ன தெரியணும்? தினமும் உங்க சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடறேனே, கொஞ்சறேன்னு நெனச்சீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

"இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லல நீ."

"நீங்க சொன்னீங்களா?" என்றாள் அவள். "உங்கள தூங்க வச்சுட்டு நான் முழிச்சுக் கெடந்தேன். நேத்து வந்து, திங்கக்கிழமை கண்ணாடி ஏத்தறோம்னீங்க. அதுக்கப்புறமும் வண்டி மேல பழி போட விட முடியுமா? வாயால சொல்ல வரல. அதான், பிரிங்கன்னேன்."

அவர் திருப்புளியை எடுத்தார். முனை திருகின் பள்ளத்தில் உட்காராமல் வழுக்கியது. அவள் கை தன்னால் முன்னே வந்தது. பிறகு பின்வாங்கி மடியில் அமர்ந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூன்று திருகையும் வெள்ளைக் கோடு கூடும் வரை இறுக்கினார். சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார். எள்ளளவும் ஆட்டமில்லை.

வண்டியை நடையில் விட்டு ரிமோட்டை எடுத்தார். இறுகிய வண்டி இப்போது எதையும் மறைக்கவில்லை. கையின் சின்னத் துடிப்பைக்கூடச் சக்கரம் வரை கொண்டுபோய்க் காட்டியது. செருப்பு அலமாரியில் போய் முட்டி நின்றது.

அவர் ஃபோர்மேனைக் கூப்பிட்டார்.

"என்ன ஆகாசம், லீவு நாள்லயும் என் மூஞ்சி ஞாபகமா?"

"நாளைக்கு நான் ஏறல. வேற ஆளப் போடு."

"விளையாடாதப்பா. கண்ணாடிக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

"கை நடுங்குதுய்யா."

ஃபோர்மேன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "எந்தக் கை?"

"லிவர் பிடிக்கிற கை."

"சரி... கண்ணாடி கெடக்கட்டும். நீ முதல்ல டாக்டரப் பாரு."

போனை வைத்த பிறகும் அவரால் உட்கார முடியவில்லை. ஜன்னல் வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். எப்போது கையிலெடுத்தாரோ, டார்ச் எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் வெளிச்சம் பதறிக்கொண்டேயிருந்தது.

"அதையாவது கீழ வைங்க" என்றாள் மனைவி. "சுவத்துக்கே மயக்கம் வருது."

அவர் வைக்கவில்லை. வெளிச்சத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் வண்டியின் மேல்மூடியை எடுத்து, அதன் திருகுகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.