காற்றைத் தின்ற மிருகம்

ஞானி என்பது ஆபீஸ் அவருக்கு ரகசியமாக வைத்திருந்த பெயர். முதலாளியின் மைத்துனர் என்ற ஒரே தகுதியில் ஓவியப் பிரிவுக்குத் தலைவரானவர். அவர் கையில் பென்சிலை எவரும் பார்த்ததில்லை, காது குடையும்போது தவிர.

கம்பெனியின் வீடியோ கேம் வரிசையில் நான்காம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. முதல் மூன்று பாகங்களுக்கும் பீப்பாய், பெட்டி, உடைந்த வண்டி என்று வரைந்தே முதுகு வளைந்த ஓவியப் பெண்ணுக்கு இந்த முறை ஆற்று மிருகம் கிடைத்தது. முதலாளிக்குப் பிடித்தால் மீதிப் பதினோரு மிருகங்களும் அவள் பொறுப்பு. பிடிக்காவிட்டால் மறுபடி பீப்பாய்.

ஐந்து மாதம் உழைத்தாள். அது எங்கே படுக்கும், நனைந்தால் தோல் எப்படி மின்னும், கிழடானால் எந்தப் பல் முதலில் விழும் என்பதுவரை வரைந்தாள். ஆட்டக்காரன் தரையில் இறைச்சி போட்டு அதைப் பழக்க வேண்டும். அதற்காகவே தாழ்ந்த கழுத்து, அகன்ற வாய்.

ஞானி பார்த்தார்.

“மூஞ்சி பாவமா இருக்கேம்மா. பயமே வரல. நெத்தியில ரெண்டு கொம்பு போடு.”

போட்டாள். மறுநாள் தாடையில் இரண்டு. அடுத்த நாள் மூக்குக்கு ஒன்று. பத்தாவது நாள் மொத்தம் பதினாலு கொம்பு.

“சார், தாடைக் கொம்பு தரையில இடிக்கும். இது குனிஞ்சு சாப்பிடவே முடியாது.”

“அது சாப்பிடறதையா பாக்கப் போறாங்க? சமையல்காரி மாதிரியே யோசிக்கிற. பெருசா யோசி.”

பெரிதாக யோசிப்பவர் அத்துடன் மதியத் தூக்கத்துக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். கண்ட்ரோலரைத் தானே பிடித்து விளையாடிப் பார்த்த பிறகுதான் எதற்கும் தலையாட்டுவார். இறைச்சியைப் போட்டார். மிருகம் கம்பீரமாக நடந்து வந்து குனிந்தது. ணங்! கொம்புகள் தரையில் ஊன்றி நிற்க, வாய் ஒரு முழம் மேலே காற்றை மென்றது. பின்வாங்கி மறுபடி வந்தது. ணங்!

“மச்சான், இது என்ன காத்தைத் திங்குது?”

“அந்தப் பொண்ணு வரைஞ்சது மாமா. நான் அப்பவே சொன்னேன்.”

அவளுக்கு முகம் சிவந்தது. வரைந்த மிருகங்களுக்குக் கம்ப்யூட்டரில் எலும்பு பூட்டி நடக்கவைக்கும் எலும்பண்ணன் ஃபைலைத் திறந்தார். யார் எதைச் சேர்க்கச் சொன்னாலும் ஒவ்வொன்றையும் அவர் பெயரில் தனி லேயராக, அதாவது தனி அடுக்காக, வைப்பது அங்கே வழக்கம். வேண்டாமென்றால் அதை மட்டும் அணைத்துவிடலாம். பெரிய திரையில் வரிசையாக வந்தது: ஞானி 1, ஞானி 2, ஞானி 3... ஞானி 14.

“யாருய்யா ஞானி?”

அறையில் இருந்த அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

“அதானே, யாருய்யா அது?” என்றார் ஞானி.

எலும்பண்ணன் பதினாலையும் அணைத்தார். மிருகம் குனிந்து இறைச்சியை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, ஆட்டக்காரனின் காலடியில் சுருண்டு படுத்தது. முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

“பிரமாதம்! டிசைன்னு மச்சான் பேரைப் போட்டுடுவோம். உதவி, இந்தப் பொண்ணு. இல்லேன்னா வீட்ல என்னை உள்ளயே விடமாட்டாங்க.”

“அப்போ அடுத்த மிருகத்தையும் உங்க மச்சானே வரையட்டும் சார். நான் பீப்பாய்க்கே போறேன்.” டேப்லெட்டையும் அதன் பேனாவையும் ஞானி முன்னால் நகர்த்தினாள். “பறக்கிற மிருகம் சார். சும்மா ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

ஞானி பேனாவை எடுத்துத் தேய்த்தார். திரையில் ஒன்றும் விழவில்லை.

“சார்ஜ் இல்லபோல.”

“அது பின்பக்கம் சார்,” என்று எலும்பண்ணன் திருப்பிக் கொடுத்தார்.

வந்தது கோழி. மூன்று காலுடன்.

முதலாளி அந்தக் கோழியையும், சுவர் அட்டவணையில் காலியாகக் கிடந்த பதினோரு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்காரியைவிட வெளியீட்டுத் தேதி அவரை அதிகம் பயமுறுத்தியது.

“பொறுப்பு உன்னோடதும்மா. பேரும் உன்னோடதுதான்.”

ஞானிக்குப் ‘படைப்பு ஆலோசகர்’ என்று ஒரு புதுப் பதவி கொடுத்து, வேலை இல்லாத அறை ஒன்றில் உட்காரவைத்தார்கள். இனிமேலாவது வெட்கப்படுவார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பதவி உயர்வு என்று நம்பி, திங்கட்கிழமை எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார் அந்த மனிதர். அவளும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.