குளத்துக்கு மேலே ஒரு கணம்

விழுந்துகொண்டே இருக்கிறாள் வடிவாம்பாள், அரக்குப் பட்டுப்புடவை குடைபோல் விரிய, ஒரு காலில் செருப்பும் மறு காலில் வெயிலுமாக, கோயம்புத்தூர் ஸ்டூடியோவில் படத்துக்கென்று வெட்டிய குளத்துக்கு மேலே, வாயில் இன்னும் ஒரு வரி வசனம் மிச்சமிருக்கிறது, அதைச் சொல்லாமல் தண்ணீரைத் தொடக்கூடாது என்று நினைக்கிறாள், எண்பது வயது தாண்டிய இந்த மழை மதியத்தில், சென்னையில் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் இன்னமும் அந்தத் தண்ணீர் வந்து சேரவில்லை, காற்று மட்டும் காதில் விர்ரென்று ஓடுகிறது, அந்தப் படத்துக்குமுன் அவள் அழுதுகொண்டிருந்தவள், படத்துக்குப் படம் அழுதவள், புருஷன் கைவிட்டு அழுதாள், மாமியார் துரத்தி அழுதாள், சுவரொட்டியில்கூட அவள் கன்னத்தில் கண்ணீர் வரைந்தார்கள், நாடகக் கம்பெனியில் நல்லதங்காள் வேஷம் கட்டிப் பேர் வாங்கிய அவள் அம்மா ஞானாம்பாள்தான் அந்த அழுகையைச் சொல்லிக் கொடுத்தவள், அழுவுற பொண்ணத்தான்டி ஜனங்க மனசுல வச்சுக்குவாங்க, சிரிக்கிறவள நாளைக்கே மறந்துடுவாங்க என்பாள், வடிவாம்பாளும் அதை நம்பித்தான் இருந்தாள்.

டைரக்டர் சேஷகிரி ஒருநாள் அம்மாவையும் மகளையும் ஓர் அமெரிக்கப் படத்துக்கு அழைத்துப் போனார், வெள்ளைக்காரிகளும் மில் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்த கொட்டகையில் இவர்கள் இருவர் மட்டும் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, திரையில் ஒரு பணக்காரப் பெண் முன்பின் தெரியாத ஒருவனைக் கழுத்து டையைப் பிடித்து ரயில் பெட்டி பெட்டியாக இழுத்துப் போகிறாள், அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் பத்து சொல்கிறாள், அவன் தொப்பியைத் தேடுகிறான், தொப்பிமேல்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு சொல்கூட வடிவாம்பாளுக்குப் புரியவில்லை, எல்லாமே புரிந்தது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அழாமல் வந்த தண்ணீர் அது, வெளியே வந்ததும் சேஷகிரி கேட்டார், என்னம்மா, இந்த மாதிரி ஒண்ணு நாம பண்ணிப் பாக்கலாமா, அவள் கேட்டாள், சார், அவன் பேசி முடிக்கிற வரைக்கும் அவ காத்துக்கிட்டே இருக்கலியே, அதுக்காகத்தானே அவனுக்கு அவளப் பிடிச்சுப் போச்சு, அதைக் கேட்ட சேஷகிரி, கதைய நீயே சொல்லிட்டியேம்மா என்றார்.

கதையும் அப்படித்தான் அமைந்தது, கல்யாணப் பந்தலிலிருந்து ஓடிவரும் ஜமீன்தார் மகளும் அவளைப் பற்றிச் செய்தி எழுதத் துரத்தும் பத்திரிகைக்காரனும் படம் முழுக்கச் சண்டை போட்டுக் கடைசியில் கல்யாணமும் செய்துகொள்கிறார்கள், பத்திரிகைக்காரனாக மோகனரங்கம், ஊரெல்லாம் ரசிகர்கள் உள்ளவர், முதல் நாள் அவள் பேசிய வேகத்தில் தன் வசனத்தையே மறந்து, அம்மா, மூச்சு விடறது எப்போ என்று கேட்டார், நீங்க பேசறப்போ என்றாள் அவள், செட்டே சிரித்தது, நாடக மேடையில் நீண்ட விருத்தங்களை ஒரே மூச்சில் பாடிப் பழகிய நெஞ்சு அது, அழுகைக்கென்று சேர்த்து வைத்த மூச்சையெல்லாம் சிரிப்புக்குச் செலவழித்தாள்.

கடைசிக் காட்சியில்தான் வந்தது வினை, முதலாளி சென்னியப்பன் நூல் மில்லில் சம்பாதித்ததைப் படத்தில் போட்டவர், நல்ல மனிதர், பயந்த மனிதர், அம்மிணி, படம் பூரா நீங்க எகிறுனது சரிங்க, கடைசில புருசங்காரன் கால்ல உழுந்து ரெண்டு சொட்டு அழுதுருங்க, பொம்பளைங்க மனசு ஆறிப்போகும் என்றார், எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள், அம்மா தூணருகே நின்று தலையை ஆட்டுகிறாள், செய்துவிடு என்று, இவ எதுக்குங்கய்யா மன்னிப்புக் கேக்கணும், என்ன தப்புப் பண்ணினா என்று கேட்கிறாள் வடிவாம்பாள், கேட்டுவிட்டாள், படம் ஓடாமப் போச்சுங்கன்னா, என்றார் அவர், ஓடலேன்னா மறுபடி அழுவுற வேஷத்துக்கே வந்துடறேன், ஆயுசுக்கும் அழுவுறேன், இந்த ஒருத்திய மட்டும் விட்டுடுங்க என்றாள் அவள், முதலாளி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி நிற்க, மோகனரங்கம்தான் பேசினார், யாராவது விழணும்னா நான் விழறேங்க, குளத்துல, இவங்களும் கூட விழறதா இருந்தா.

அப்படித்தான் விழுந்தார்கள், சண்டை போட்டபடியே, கையைக் கோத்தபடியே, தண்ணீர் கடைசியில் வந்தது, பனிக்கட்டியாக, மூக்கிலும் காதிலும் ஏறியது, மிச்சமிருந்த வரியை மேலே வந்ததும் சொன்னாள், முடி முகத்தில் ஒட்டியிருக்க, ஒரு எழுத்துக்கூடத் தவறாமல், கட் சொல்ல மறந்து சேஷகிரி கைதட்டிக்கொண்டிருந்தார்.

படம் வெளியான அன்று மதியக் காட்சிக்கு அம்மாவோடு பெண்கள் பகுதியில் முக்காடு போட்டு உட்கார்ந்தாள், முதல் ரீல் முழுக்கக் கொட்டகை ஊமையாக இருந்தது, முன்வரிசையில் ஒருத்தி, ஏனக்கா, இவ இன்னும் அழுகவே இல்ல, என்றாள், ஆயுசுக்கும் அழுவுறேன் என்று சொன்னோமே என்று நினைத்தாள் வடிவாம்பாள், பிறகு எங்கோ மூலையில் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு, அது பக்கத்து வரிசைக்குத் தாவியது, குளத்தில் விழுந்தபோது கொட்டகைத் தகரமே அதிர்ந்தது.

வெளியே குதிரை வண்டியில் திரைமறைவில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, ஒரு புருஷன் தன் மனைவியை அதட்டுவது கேட்டது, நாலு பேரு மத்தியில அப்படியா புள்ள சிரிப்பாங்க என்று, அதற்கு அவள், நீங்க சிரிச்சாச் சினிமாங்க, நான் சிரிச்சாத் தப்புங்களா, அழுகறதுக்கு ஊட்டுல எடமில்லாமயா கொட்டாய்க்கு வந்தோம், நாளைக்கும் வருவேன், நாளான்னிக்கும் வருவேன், நீங்க அடுப்பப் பாத்துக்கங்க, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள் அவள், அந்தப் புருஷனே சிரித்துவிட்டான், அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள், ஏன்டி, இந்த வசனம் படத்துல எங்க வருது, நான் கவனிக்கலியே, என்றாள், படத்துல இல்லம்மா, அது அவளோடது, என்றாள் வடிவாம்பாள், சொல்லும்போதே முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.