ஓரத்தில் நின்ற தாய்மாமன்

உசிலம்பட்டிக் காதணி விழாவில் படம் எடுத்து முடித்த கையோடு, தாய்மாமன் கருத்தக்கண்ணன் கழுத்துக்கு மேலே மங்கிப்போனான். உடம்புக்கு ஒன்றுமில்லை, பிரியாணியை நன்றாகவே சாப்பிட்டான். முகம் மட்டும் கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோலச் சுழன்றுகொண்டிருந்தது.

கேமராவைக் குறை சொல்லக் கூடாது. திருநகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மெர்வின், மும்பை ஏலத்தில் ஆசை ஆசையாய் எடுத்த பித்தளைக் கேமரா அது. குட்டிப் பீரங்கி மாதிரி இருக்கும். வியன்னாவில் ஒரு கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டே கண்டுபிடித்த லென்ஸ். முகம் பிடிப்பதற்கென்றே பிறந்தது. நடுவில் அசையாமல் உட்கார்ந்தவரின் இமைமுடியைக்கூட விடாது, ஓரத்தில் நிற்பவரைச் சுழற்றிவிடும். மெர்வின் இதை முன்கூட்டியே சொல்லியும் கருத்தக்கண்ணனின் அக்கா அன்னக்கொடி காதில் வாங்கவில்லை. தம்பி சீர்வரிசையோடு தாமதமாக வந்துவிட்டான் என்று அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய மகளைப் புருஷன் காளையின் மடியில் உட்காரவைத்தாள், தம்பியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள்.

அதற்கப்புறம் டவுன் பஸ் கண்டக்டர்கள் கருத்தக்கண்ணனிடம் டிக்கெட் கேட்பதை விட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. செக்கானூரணியில் அவனுக்குப் பேசி வைத்திருந்த நாகஜோதியின் வீட்டார் பின்வாங்கினார்கள். "மாப்ள தங்கமானவருதேன். ஆனா மூஞ்சி எதுன்னு புடிபடலையே" என்றார் பெண்ணின் அப்பா. அன்னக்கொடி தூக்கி வளர்த்த பிள்ளை அவன். தம்பியையும் மகளையும் இழுத்துக்கொண்டு திருநகருக்கு ஓடினாள்.

"மறுபடி எடுத்தாச் சரியாப்போயிரும்க்கா. ஆனா இந்த மங்கல் காத்துல கரையாது, ஓரத்துல நிக்கிறவங்க மேல இறங்கிரும்" என்றார் மெர்வின்.

"நான் நிக்கிறேன்."

"வேணாம்க்கா, எனக்குப் பழகிருச்சு" என்றான் கருத்தக்கண்ணன்.

"பேசாம உக்காருடா. அசையாத."

பிள்ளை தாய்மாமன் மடியில் ஏறிக்கொண்டது. அன்னக்கொடி ஓரத்தில் நின்று, இரண்டு கைகளையும் நீட்டித் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளி பூசிய தகட்டில் படம் வட்டமாக விழுந்தது. கருத்தக்கண்ணன் மீசையோடு தெளிந்தான். தோளில் கிடந்த கைகள் மட்டும் தெளிவாக இருக்க, அவள் மங்கிப்போனாள். சந்தையில் காய்க்காரிகள் அந்தக் கைகளைப் பார்த்தே விலை சொல்லப் பழகிக்கொண்டார்கள். காளையும் வளையல் சத்தத்தை வைத்துப் பேச்சுக் கொடுத்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கருத்தக்கண்ணன் முதல் முடிச்சைப் போட்டதும், "நாத்தனார் எங்கப்பா?" என்று ஐயர் தேடினார். மணப்பெண்ணுக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட இரண்டு கைகள் வந்து, மிச்ச முடிச்சுகளை நன்றாக இறுக்கிப் போட்டன. நாகஜோதி திரும்பி, "மெதுவா மதினி" என்று சிரித்தாள்.