நான்கு நாள் வருடம்

எம்.ரெட்டியபட்டியில் தங்கபாண்டியின் வீட்டுக்கு மட்டும் வருடத்துக்கு நான்கு நாள். மனைவி கிருஷ்ணப்ரியா காய்ச்சலில் இறந்த அன்று அது தொடங்கியது. அவள் திருச்சுழியில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். எங்கோ தூரத்தில் ஒரு கோள் தன் நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றுகிறது, நான்கு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும், அங்கே வருடம் அவ்வளவுதான் என்று ஒருமுறை சாப்பாட்டுக்கு நடுவே சொன்னாள். அதன் ஒரு பக்கத்தில் எப்போதும் வெயில், மறுபக்கத்தில் விடிவதே இல்லையாம். இப்போது வீட்டின் முன்சுவரில் சூட்டில் கை வைக்க முடியவில்லை. பின்னறையில் பகலிலும் விளக்கு வேண்டும். வாசல் வேம்பு நான்கே நாளில் பூத்துப் பழுத்து, இலை உதிர்த்து, மறுபடி துளிர்த்தது.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் நல்ல காரியம் கிடையாது. அந்த ஒரு வருடம் தன்னை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று தங்கபாண்டி நம்பியிருந்தான். ஐந்தாம் நாள் காலை பெரியப்பா நாகராஜ் பந்தல்குடியிலிருந்து வாழையிலைக் கட்டோடு வந்து இறங்கினார்.

“ஏலே, வேம்பு ஒரு சுத்து வந்துருச்சு. தலைத்திவசத்தக் குடுத்துட்டு ஆக வேண்டியதப் பாரு. பொண்ணு ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்.”

“அவ போயி அஞ்சு நாளுதான் ஆகுது பெரியப்பா.”

“அது ஊருக்கு. இந்த வீட்டுக்கு வருசம் திரும்பிருச்சுல்ல?”

அன்றைய தலைத்திவசப் பந்தியில் பக்கத்து வீட்டு மாயக்காள், “எங்க வீட்டுக்காரரு வருசத்துக்கு நாலு நாளுதான் வேல பாக்குறாரு. இங்க குடிவச்சா லீவே எடுக்காத ஆளாயிருவாரு” என்றாள். துக்கம் மறந்து சிரித்தார்கள்.

முதல் திவசத்துக்கு ஊரே சாப்பிட்டது. இரண்டாவதற்கு உறவுக்காரர்கள் மட்டும். பதினாறாம் நாள் கருமாதியும் நான்காம் திவசமும் சேர்ந்து வந்தன, ஒரே சமையலில் முடித்தார்கள். ஏழாவதற்குக் கிருஷ்ணப்ரியாவின் அம்மாவே வரவில்லை.

“ஏழு வருசமாச்சு மாப்ள. இன்னும் எத்தன நாளைக்கு அழுதுக்கிட்டே கெடக்க?” என்றாள் போனில். அவள் குரலில் உண்மையாகவே ஏழு வருடம் இருந்தது.

அதன்பின் தங்கபாண்டி தனியாகப் படையல் வைத்தான். தினமும் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தான். அங்கே அவள் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்காரர் டீக்குக் காசு வாங்க மறுத்தார். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் மாலையில் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது.

எண்பதாம் நாள் இருபதாம் திவசம். அன்று அவன் பருத்தி விதை வாங்கப் போனான், விலை விசாரித்தான், புரோட்டா சாப்பிட்டான். மறுநாள் பல் துலக்கும்போதுதான் நினைவு வந்தது. பெரியப்பாவுக்குப் போன் செய்தான்.

“இருபது வருசத்துல ஒரு தடவ யாருக்குத்தான் மறக்காது?” என்றார் அவர்.

அது சரியாகத்தான் பட்டது. பெண் வீட்டுக்கு என்றைக்குப் போகலாம் என்று தங்கபாண்டி கேட்டான்.