ஒரு சிட்டிகை காங்கோ ரெட்

டாக்டர் கையெழுத்துக்கு நீட்டிய இறப்புக் காகிதத்தை டீச்சர் திருப்பித் தள்ளினாள். "இதயம் செயலிழந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. ஏன் செயலிழந்துச்சு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் காலைலதான் போயிருக்கார். இப்பப் போய் இதெல்லாம்..."

"அவர் இதயத்துலேர்ந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினீங்களே. ரிசல்ட் எங்க?"

டாக்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற லேப்காரர்தான் வாய் திறந்தார். "சாயம் தீந்துபோச்சு மேடம். காங்கோ ரெட். இதயத்துல ஒரு கெட்ட புரதம் படியுற நோய் இருந்தா, இந்தச் சாயம் அந்தச் சதைல ஒட்டிக்கிட்டுக் காட்டிக்குடுக்கும். வாங்கச் சொல்லி எழுதியிருக்கோம், இன்னும் வரல."

பள்ளி ஆய்வகத்தில் அவள் அலமாரியில் அந்தச் செந்தூள் புட்டி நிறையக் கிடக்கிறது. காரத்தில் சிவப்பு, அமிலம் பட்டால் நீலம் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிடுவாள். வீட்டில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தலையணைகளில் சாய்ந்திருந்த நாட்களிலும் கொட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! எங்க ஸ்கூல் லேப்ல புட்டி நிறைய இருக்கே!"

"ஸ்கூல் சாயமெல்லாம் இங்க சரிப்படாதும்மா," என்றார் டாக்டர்.

"அப்ப வேற ஆஸ்பத்திரில கேட்டிருக்கணும். பயத்துலதான் மூச்சு வாங்குதுன்னு அவர்கிட்ட சொன்னீங்க. அதை நம்பி, சாகுற வரைக்கும் தன்னையே திட்டிக்கிட்டிருந்தார்."

கொழுந்தன் அருகில் வந்தான். "விடுங்க அண்ணி. அண்ணனை ஏத்திட்டுப் போக வேன் வந்து நிக்குது. இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"உனக்கு விரல் மரத்துப்போகுதுன்னு சொன்னியே தம்பி. உங்கண்ணனுக்கும் அப்படித்தானே ஆரம்பிச்சது?" டாக்டர் பக்கம் திரும்பினாள். "இது குடும்பத்துல வருமா, வராதா?"

டாக்டர் கொழுந்தனின் கைகளைப் பார்த்தார். "வரலாம்."

லேப்காரர் யாரையும் கேட்காமல் ஃபோனை எடுத்தார். நாலு வார்த்தை பேசினார். வைத்தார். "சாயம் பக்கத்து ஆஸ்பத்திரில இருக்காம். இப்பவே ஆள்கிட்ட குடுத்து அனுப்புறாங்களாம்."

"ஒரே ஃபோன்," என்றாள் டீச்சர். "இவ்வளவுதானா? ஒரே ஒரு ஃபோனா?"

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடாத காகிதம் மேசையிலேயே கிடந்தது.

லேப் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரம் தயங்கி நின்ற கொழுந்தனும், விரல்களை மடக்கி விரித்தபடி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சில் இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.