மூன்று முறை கழுவிய பாட்டில்

என் தங்கை இறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அவள் வேலை பார்த்த பள்ளியில் நினைவு மலர் போடுகிறார்களாம், அக்கா என்ற முறையில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். அவளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்ததெல்லாம் அவள்மேல் எனக்கிருந்த பொறாமை வழியாகத் தெரிந்ததுதான். அதை எடுத்துவிட்டு எழுதினால் பக்கத்தில் ஒன்றும் நிற்கவில்லை. ஆகவே இது மலருக்கு இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் நான் ஒரு வருடம் தோற்றேன். என்னைவிட ஒரு வயது சின்னவளான அவள் மறு வருடம் என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். அது போதாதென்று என்னைவிட வளர்ந்தும் விட்டாள். அவளுக்குச் சின்னதாய்ப் போன ஷூ எனக்கு வந்தது. எந்த வீட்டில் தங்கையின் பழைய ஷூவை அக்கா போட்டுக்கொண்டு போவாள்? எங்கள் வீட்டில் போனேன். முன்பக்கம் அவளுடைய கட்டைவிரல் அழுத்தி உண்டான குழி இருந்தது. என் விரல் அதற்கு எட்டவில்லை.

"இதுல யாருடி அக்கா?" என்று புதிதாக வந்த பெண்கள் கேட்பார்கள்.

"குட்டையா, மூஞ்சிய உர்ருனு வச்சிருக்கால்ல, அவதான்," என்பார்கள் எங்கள் வகுப்புப் பெண்கள்.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை. நடுவில் நான் ஒட்டுத்தாளால் ஒரு கோடு போட்டிருந்தேன். என் பக்கத்தில் திருத்தக் கொடுத்துத் திரும்பி வந்த நோட்டுகளும், முகப்பருவுக்குத் தடவும் களிம்பும், உடைந்த காம்பஸும். அவள் பக்கத்தில் பாட்டில்கள். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. அதன் கரையில், குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் பளபளவென்று முலாம் பூசும் பட்டறை. அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். அவருடைய விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். பட்டறையின் கழிவு கால்வாயில் விழுவது எல்லோருக்கும் தெரியும். மீன் செத்து மிதந்த நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினோம். அவள் மட்டும் ஜன்னலைத் திறந்து எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு மீன்.

அன்றிலிருந்து வாராவாரம் ஓர் இடமாகப் பார்த்துத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு: எண், இடம், நேரம், எடுத்தவர். வகுப்பில் அவளுக்கு 'பாட்டில் ராணி' என்று பெயர் வைத்தார்கள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். சீட்டின் அடியில் 'பா.ரா.' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டாள். கிண்டல் செய்தவர்களே அதன்பின் அவளுக்குக் காலி பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு யாரும் பட்டப்பெயர்கூட வைக்கவில்லை.

அந்த வருடம் பள்ளியில் சுற்றுச்சூழல் கண்காட்சி வந்தது. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்தில் ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். நான் தெர்மோகோலில் ஓர் உலக உருண்டை செய்து, வாயில் தெர்மாமீட்டர் வைத்து, 'உலகுக்குக் காய்ச்சல்' என்று எழுதினேன். எங்கள் வகுப்பிலேயே ஆறு பேர் அதையே செய்திருந்தார்கள். உலகுக்கு ஏழு காய்ச்சல். அவள் தன் ஆறு பாட்டில்களை வைத்து எல்லார் முன்னாலும் சோதனை செய்துகாட்டப் போவதாகச் சொன்னாள். பட்டறையின் குரோமியம் தண்ணீரில் இருந்தால், கெமிஸ்ட்ரி மிஸ் தரும் மருந்தைச் சொட்டு விட்டதும் ஊதா நிறமாகிவிடும். ஒன்று முதல் ஐந்து வரை கால்வாய்த் தண்ணீர். ஆறாவது ஆய்வகத்தின் சுத்தமான தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க. ஐந்தாவதுதான் முக்கியம். பட்டறைக் குழாயின் வாயிலேயே, சேற்றில் முழங்கால்வரை இறங்கி அவள் பிடித்தது.

முந்தின நாள் சாயங்காலம், ஐந்தே கால் மணிக்கு, அவள் கடைக்குப் போயிருந்தபோது அந்த ஐந்தாவது பாட்டிலை எடுத்து சிங்க்கில் கொட்டினேன். மூன்று முறை கழுவினேன். பிறகு எங்கள் சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து மூடி, சீட்டு கலையாமல் இருந்த இடத்தில் வைத்தேன். மருந்து விடுவாள், நிறம் மாறாது, நாலு பேர் சிரிப்பார்கள். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. ஒரு தடவை, ஒரே தடவை, அவளைப் பார்த்து நாலு பேர் சிரிக்க வேண்டும்.

மறுநாள் கூடம் நிறைய ஆட்கள். முதல் பாட்டில் லேசாக நிறம் மாறியது. இரண்டாவது கொஞ்சம் கூடுதல். மூன்றும் நாலும் நன்றாகவே ஊதா. ஐந்தாவதைக் கையில் எடுத்து, "இதுதான் பட்டறை வாசல்" என்றாள். நான் தூணை ஒட்டி நின்று, சிரிக்கத் தயாராக வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன். மூன்று சொட்டு விட்டாள்.

ஊதா. இரண்டாவது பாட்டிலைவிடக் கூடுதல், மூன்றாவதைவிடக் கொஞ்சம் குறைவு.

"வாசல்ல இன்னும் அதிகமா இருக்கணுமே," என்று முணுமுணுத்தாள். அதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள். அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மிஸ் என்னிடம் வந்து, "உன் தங்கச்சியப் பாரு, உனக்குப் பெருமையா இல்ல?" என்றார். அது எங்கள் வீட்டுத் தண்ணீர் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் வீட்டில் அம்மா தண்ணீர் கொதிக்க வைத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்த்தவள், சுத்தம் அதிகம். நன்றாகப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுவாள். கொதித்தால் தண்ணீர்தான் குறையும், அதிலிருக்கும் உலோகம் குறையாது என்று மிஸ் போன வாரம்தான் சொல்லியிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நான் செய்தது தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் நல்லவள், நான் இப்படிப்பட்டவள் என்பது நிரந்தரமாகிவிடும். சொன்னால் அவள் பயிற்சியும் போய்விடும். அதை நினைத்தபோது உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பதினோரு நாள் சொல்லவில்லை. அந்தப் பதினோரு நாளும் நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் இல்லை. பள்ளிக்கு வேறு இணைப்பிலிருந்து தண்ணீர் வந்தது. பெரிய பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அதைத்தான் குடித்தேன்.

"எதுக்குக்கா ஸ்கூல்லேருந்து தண்ணி தூக்கிட்டு வர்ற?" என்றாள் ஒருநாள்.

"நம்ம தண்ணி குடிச்சா பரு வருது."

"பாட்டில் ராணி பட்டத்துக்கு அடி போடுறியா?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, கையிலிருந்த டம்ளரைக் காலி செய்தாள்.

பயிற்சிக்கு அவள் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. காலையில் அவளுக்கு வயிறு சரியில்லை. வெறும் பதற்றம்தான். அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தனையும் குடிக்கணும். போற இடத்துல உடம்புக்கு வந்தா நானா வந்து பாப்பேன்? பெரியவளே, இவ குடிக்கிறாளான்னு நீ பாத்துக்கோ."

பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். தங்கை ஒரு டம்ளர் குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டாவது. மூன்றாவதை ஊற்றும்போது நான் தட்டிவிட்டேன். டம்ளர் சுவரோரம் போய் உருண்டது.

"லூசாக்கா நீ?"

"குடிக்காத. அஞ்சாவது பாட்டில் கால்வாய்த் தண்ணி இல்ல. நான் கொட்டிட்டேன். இது. இந்தத் தண்ணிதான் அது."

அவள் என்னையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்தக் குழாய்?"

"சமையல்கட்டு."

"எத்தனை மணிக்குப் பிடிச்ச?"

"அஞ்சே கால்."

"பாட்டிலக் கழுவுனியா? அப்படியே பிடிச்சியா? நல்லா யோசிச்சு சொல்லு. கழுவலன்னா உள்ள ஒட்டியிருந்த பழைய தண்ணியே நிறம் காட்டியிருக்கும்."

ஒரு நொடி தப்பித்துவிட்டதாக நினைத்தேன். கழுவவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும், பதினோரு நாள் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

"மூணு தடவ கழுவுனேன்."

"மூணு தடவையா? ஏன்?"

"நீ பிடிச்சதுல ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாதுன்னு."

அவள் தலையை ஆட்டினாள். "நானே ரெண்டு தடவதான் கழுவுவேன்," என்றாள். பிறகு, "உன்ன அப்புறமா திட்டுறேன். இப்ப காலி பாட்டில் எத்தன இருக்குன்னு பாரு."

அன்று காலை பள்ளிக்கு மட்டம் போட்டோம். தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடிவரை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினாள். பத்து வீட்டில் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "உங்கப்பா பட்டறையிலதானேம்மா வேலை பாக்குறாரு? அவர்கிட்டயே கேளேன்," என்று கதவைச் சாத்தினார்கள். நான் பின்னால் பை தூக்கிக்கொண்டு போனேன். அவள் சொல்லச் சொல்லச் சீட்டு எழுதினேன். மதியம் மிஸ்ஸிடம் போய் அவளே சொன்னாள்:

"என் அஞ்சாவது பாட்டில் நான் எடுத்தது இல்ல மிஸ். கணக்குல சேராது. பயிற்சிக்கு வேற யாரையாவது அனுப்புங்க. ஆனா இந்தப் பத்துக்கும் இன்னிக்கே மருந்து வேணும்."

"யாரு மாத்துனது?" என்றார் மிஸ்.

"மாறிப் போச்சு மிஸ்."

பத்தும் ஊதா. கட்டடத்துக்கு ஒரே ஆழ்துளைக் கிணறு. கால்வாய்க்கு இருபது அடி தள்ளி.

பயிற்சிக்கு, காய்ச்சல் உலகம் செய்த ஆறு பேரில் ஒருத்தி போனாள். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக, கையில் வந்ததை அப்படித் தூக்கிக் கொடுக்க என் தங்கையால் முடிந்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எனக்குக் கொடுக்கக்கூட ஒன்றும் இல்லை.

அன்று அப்பா வீட்டுக்கு வந்ததும் பத்து பாட்டில்களையும் மேஜையில் பார்த்தார். ஒட்டுத்தாள் கோட்டைத் தாண்டி என் பக்கமும் பாட்டில்கள்தான். அவர் கையைக் கழுவக் குழாயடிக்குப் போனார். திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "அங்க கழிவுத் தொட்டி வெடிப்பு விட்டு ஆறு வருஷமாச்சு," என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவரே பத்து சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனார். வேலை போய்விட்டது. கிணற்றை மூடி, குழாய் நீர் இணைப்பு வர நாலு மாதம் ஆயிற்று. அதுவரை எல்லோரும் மூன்று மாடி தண்ணீர் தூக்கினோம். திட்டுவதாகச் சொன்னவள் திட்டவே இல்லை. படிப்பு, வேலை, என் கல்யாணம், அவளுடைய கல்யாணம் என்று முப்பது வருடம் போனது. 'அப்புறமா' மட்டும் வரவில்லை.

அவளைக் கொண்டுபோனது சிறுநீரகம். மருத்துவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன்.

"சின்ன வயசுல குடிச்ச தண்ணியால இருக்குமா டாக்டர்?"

"அப்படி ஒரு காரணத்தக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாதும்மா."

சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் இப்போது நான் குடியிருக்கிறேன். அவளும் அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே ஆறு வருடம் குடித்தார்கள், நானும் குடித்தேன். பதினோரு நாள் அதில் எம்மாத்திரம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் பதினோரு நாளில் அவள் குடித்த ஒவ்வொரு டம்ளரும் நினைவிருக்கிறது. என் கையில் பள்ளித் தண்ணீர் இருந்தது. அது பருவுக்காக இல்லை என்பதை நான் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

துக்கத்துக்கு அவளிடம் படித்த பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவளை மிஸ் என்று அவர்கள் கூப்பிட்ட விதத்தில் எனக்கு வயிறு எரிந்தது, அந்த நாளிலும். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு அழப் போவதில்லை. ஒருத்தி என் அருகில் வந்து உட்கார்ந்தாள். பதினைந்து வயதிருக்கும். முகமெல்லாம் பரு.

"நீங்கதான் மிஸ்ஸோட அக்காவா? அஞ்சாவது பாட்டில் அக்கா?"

"சொல்லியிருக்காளா?"

"வருஷா வருஷம் சொல்வாங்க. பாட்டில மூணு தடவ கழுவணும், எங்க அக்கா அப்படித்தான் கழுவுவான்னு." கொஞ்சம் தயங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "பருவுக்குப் பயந்து ஸ்கூல் தண்ணி தூக்கிட்டுப் போனதும் நீங்கதானே? நான் மூஞ்சிக்கு எதையாவது தடவிட்டு வந்தா அதச் சொல்லித்தான் ஓட்டுவாங்க. 'எங்க அக்கா மாதிரி நீயும் தண்ணி தூக்கிட்டு வராத, அப்படித் தூக்கிட்டு வந்தா முதல்ல வீட்ல இருக்கறவங்களுக்கு ஊத்து'ன்னு."

அந்தப் பெண்ணுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

"எப்ப சொன்னா இத?" என்று கேட்டேன். "கடைசியா எப்ப?"

"உடம்பு முடியாமப் போறதுக்கு முன்னாடி நாள் மிஸ். கிளாஸ்ல."

திட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாள். எத்தனை மணிக்கு என்று கேட்க வாய் வந்தது. அந்தப் பெண் பக்கத்தில் இருந்த செம்பிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினாள். "நீ குடிச்சியா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"முதல்ல நீ குடி," என்றேன்.